சனிக்கிழமை நாலு மணிக்கு அப்பா பேசுகிறார்

என் வயதுக்காரர்களே, உங்களிடம் பேசுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. யுத்த காலம் என்று சொன்னால் எந்த யுத்தம் என்று கேட்கமாட்டீர்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியதும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதும், தூத்துக்குடித் துறைமுகத்தில் குண்டு விழப்போகிறது என்று பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு போய், குண்டு விழாத ஏமாற்றத்தோடு திரும்பி வந்ததும் நீங்களும் பார்த்ததுதான். வீட்டில் இளசுகளிடம் ஆரம்பித்தால் முதல் வாக்கியத்திலேயே கொட்டாவி விடுகிறார்கள். அதனால் உங்களிடம் சொல்கிறேன். நான் பத்து வயதுச் சிறுமியாக இருந்தபோது வந்த ஓர் ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த வாசகசாலையில் அந்த மழைக்காலத்துக்கென்று ஐந்து நிகழ்ச்சிகள் அறிவித்திருந்தார்கள். அவற்றில் ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வாசகசாலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். கப்பலில் ஏற்றுவதற்காக நிலாவாரை இலை மூட்டைகளை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கி அது. மூட்டைகள் போய்ப் புத்தகங்கள் வந்த பிறகும் இலையின் வாசனை போகவில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் பேதி மருந்து மணக்கும். அங்கே போய்ப் படித்தால் புத்திக்கு முன்னால் வயிறு சுத்தமாகும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். உள்ளே இரண்டு கண்ணாடி அலமாரி, ஒரு நீள மேசை. மேசை நடுவில் ஓர் உலக உருண்டை இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் நம் ஊர் எங்கே, நம் ஊர் எங்கே என்று விரலால் தொட்டுத் தொட்டே தூத்துக்குடி இருந்த இடம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. கூடவே இலங்கையிலும் பாதி போயிருந்தது. எனக்கோ அந்த உருண்டையைப் பார்க்கும்போதெல்லாம் மூச்சு நின்றுவிடும். இத்தனை நீலமும் கடலா? எங்கள் தெருமுனையில் கருவாட்டு நாற்றத்தோடு கிடக்கிற அதே கடலா?

வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவரை நாங்கள் புஸ்தகத்து சார் என்போம். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் பிள்ளைகளின் இரைச்சலில் கிடந்ததாலோ என்னவோ, சத்தம் என்றாலே அவருக்கு ஆகாது. செருப்பு வெளியே. இருமல் வந்தால் தெருவுக்குப் போய் இருமிவிட்டு வரவேண்டும். 'பேசாதே' என்று நாலு சுவரிலும் நாலு அட்டை தொங்கவிட்டிருந்தார். எவன் வாயைத் திறக்காமல் இருக்கிறானோ அவன் அறிவாளி என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கின்படி ஊரிலேயே பெரிய அறிவாளி என் அப்பாதான்.

அப்பாவுக்குச் சங்கு குளிக்கிற தொழில். அந்த வருஷங்களில் முத்துக் குளிப்பு நடக்கவே இல்லை. பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், சிப்பி இல்லை என்று சர்க்காரில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே குளிக்கிறவர்களுக்கெல்லாம் சங்குதான் கதி. மழை விட்டுத் தண்ணீர் தெளிந்த பிறகுதான் வள்ளங்கள் கிளம்பும். அதுவரை மற்ற ஆட்கள் கரையில் சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அப்பா மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போய்விடுவார். கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவர். விரலை வைத்து எழுத்து எழுத்தாக வாசிப்பார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் திரும்பிப் பார்க்கமாட்டார், யாரோடும் பேசமாட்டார். புஸ்தகத்து சார் அவரை மற்றவர்களுக்குக் காட்டி, "இருந்தா இப்படில்லா இருக்கணும்" என்பதுபோலக் கையால் ஜாடை செய்வார்.

தெருவில் வேறு விதமாகப் பேசிக்கொண்டார்கள். "நாலு புஸ்தகத்தைப் புரட்டுனதும் தல கனத்துப் போச்சு பாத்தியா. கூப்புட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கான்." இரண்டு வருஷமாக அப்படித்தான். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் நிற்கமாட்டார். முன்னால் வந்து பேசினால் சிரித்துத் தலையாட்டுவார், அவ்வளவுதான். வாசகசாலைக்குப் போக ஆரம்பித்ததும் இந்தக் குணம் வந்ததும் ஒரே சமயம் என்பதால், இரண்டையும் முடிச்சுப் போட்டுப் படித்த திமிர் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. குளிக்கிற தொழிலில் படிப்பு ஏறினவன் வேறு யாரும் இல்லை. ஆகவே படிப்பு ஏறினால் மனுஷன் இப்படித்தான் ஆவான் போலிருக்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள்.

அம்மாவும் நம்பினாள். அதுதான் எங்கள் வீட்டுக் கஷ்டம். குசினியில் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அம்மா எதையாவது சொல்லுவாள். பதில் வராது. இன்னொரு தரம் சொல்லுவாள். அதற்கும் வராது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவதையே விட்டுவிட்டாள். எல்லாம் என் வழியாகத்தான். "ஒங்கப்பாட்ட சோறு ஆறுதுன்னு சொல்லு." "ஒங்கப்பாட்ட மாமா வந்துட்டுப் போனான்னு சொல்லு." மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஒருநாள் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "எழுதப் படிக்கத் தெரியாதவகிட்ட என்னத்தப் பேசன்னு நெனச்சிட்டாவ போலுக்கு" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். மிளகாய் என்றாள். நானும் மிளகாய் என்றுதான் நினைத்தேன்.

உண்மையை நான் கண்டுபிடித்தது தற்செயல். சோறு ஆறுகிறது என்று சொல்ல வாசகசாலைக்குப் போயிருந்தேன். யாரோ ஒருவர் அலமாரி மேலிருந்து பழைய பத்திரிகைக் கட்டுகளை எடுக்க ஏணியில் ஏறி, அத்தனையையும் கை தவறிப் போட்டுவிட்டார். கண்ணாடி அலமாரிக் கதவு ஒன்றும் சேர்ந்து விழுந்தது. குண்டுதான் விழுந்துவிட்டது என்று இரண்டு பேர் மேசைக்கு அடியில் போய்விட்டார்கள். புஸ்தகத்து சாரே 'ஐயோ' என்று கத்திவிட்டார். விழுந்த இடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் பக்கத்தைப் புரட்டினார். அதைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா தலையை நிமிர்த்தினார். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் திரும்பி, கீழே கிடந்த கட்டுகளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் உப்புக் கிட்டங்கிச் சுவரோரம் என்னை நிறுத்தினார்.

"தெரிஞ்சிட்டா?"

தலையாட்டினேன்.

"ரெண்டு காதுமே போச்சு ளா. நீ என் மூஞ்சியப் பாத்துப் பேசுனா ஒதட்டப் பாத்துக் கண்டுபுடிச்சுக்கிடுவேன். அம்மாட்ட சொல்லிராத. அவ மாமாட்ட சொல்லிருவா. மாமா கயித்தத் தொட மாட்டான்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். தண்ணீருக்குள் இறங்குகிறவன் இடுப்புக் கயிற்றின் மறுநுனி வள்ளத்தில் ஒருவன் கையில் இருக்கும். கீழே இருப்பவன் உயிர் அந்தக் கையில். அதனால் எங்கள் ஆட்கள் அந்தக் கயிற்றை மச்சினனிடம்தான் கொடுப்பார்கள். யார் கை அசந்தாலும், தன் அக்காள் தாலியைப் பிடித்திருக்கிறவன் கை அசராது என்ற நம்பிக்கை. மாமாதான் அப்பாவுக்குக் கயிறு பிடிப்பவர். ஒரு காது மந்தமாகாத குளியாளே கிடையாது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இரண்டும் போனவனைச் சம்மாட்டி, அதாவது வள்ளத்துக்காரர், ஏற்றிக்கொள்ளமாட்டார். மாமாவும் அக்காளை நினைத்து, மாட்டேன் என்றுவிடுவார். அப்பா தன் மேல் ஆசை வைத்திருந்த இரண்டு பேரிடமிருந்துதான் முக்கியமாக ஒளிந்துகொண்டிருந்தார். வாசகசாலை எதற்கென்றும் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஊரில் யாரும் பேசாத இடம் அது ஒன்றுதான். அங்கே அப்பாவும் மற்றவர்களும் சமம்.

அந்த ஐப்பசி முதல் தேதியில் வாசகசாலை வாசலில் கரும்பலகை வைத்தார்கள். விளக்குப் போடக் கூடாத காலம் என்பதால் எல்லா நிகழ்ச்சியும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு. முதல் வாரம் விளக்குப் படக்காட்சி. அடுத்த வாரம் பத்திரிகைப் படத்தை வைத்து யுத்தம் எங்கே நடக்கிறது என்று விளக்குவது. பிறகு பிள்ளைகளின் செய்யுள் ஒப்புவிப்பு. நாலாவதாகத்தான் அது இருந்தது. 'கடலின் அடி. நேரில் கண்டவர் பேசுகிறார். பெண்களும் வரலாம்.' கீழே அப்பாவின் பெயர். ஐந்தாவது என்ன என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை. நாலாவதுக்கு மேல் நான் வாசிக்கவில்லை.

நடந்தது இதுதான். முந்தின வாரம் புஸ்தகத்து சார் அப்பாவிடம் வந்து, சபையில் பேச முடியுமா என்று குனிந்து ரகசியம்போலக் கேட்டிருக்கிறார். அப்பா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். பலகையைப் பார்த்ததும் அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. முடியாது என்று சொல்ல நேரே உள்ளே போனார். சார் அவரைப் பேசவே விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, மீசையை உதட்டு மேல் தொங்கவிட்டபடி ஏதேதோ சொல்லிக்கொண்டே போனார். மீசைக்குப் பின்னால் உதடு தெரிந்தால்தானே! அப்பா என்னதான் செய்வார், மறுபடியும் தலையாட்டினார். வெளியே வந்து பார்த்தால், 'சம்மாட்டி தலைமை வகிப்பார்' என்று கூட ஒரு வரி ஏறியிருந்தது.

"பேசிப்புடலாம்" என்றார் அப்பா என்னிடம். "பேச்சு நம்ம கையில. கேள்விதான் ளா அவங்க கையில."

முதல் சனிக்கிழமை விளக்குப் படக்காட்சிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். ஜன்னலில் யுத்தத்துக்காக ஒட்டிய கறுப்புக் காகிதம் அன்றைக்கு எங்களுக்கு உபகாரமாக இருந்தது. நாலு வேட்டியைச் சேர்த்துத் தைத்து நனைத்துத் திரையாகக் கட்டியிருந்தார்கள். விளக்கிலிருந்து கரி வாசனை வந்தது. வேட்டியில் பனி மூடிய மலை ஒன்று தலைகீழாகத் தெரிந்து, பிறகு நேராயிற்று. நான் வாயைத் திறந்தவள் மூடவில்லை. மலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. அது வேட்டியில் வடிந்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பனி உருகுகிறது என்றே வைத்துக்கொண்டேன். அப்பா எல்லாரும் சிரித்தபோது சிரித்தார், எல்லாரும் மலைத்தபோது மலைத்தார். ஒரு தவறும் நேரவில்லை. ஆனால் அவருடைய சனிக்கிழமை நெருங்க நெருங்க எனக்கு ஒரே யோசனை. கேள்வி கேட்பார்கள், அப்பா தலையாட்டுவார், முன் வரிசையில் சம்மாட்டி இருப்பார். அந்த வருஷம் யார் யாரை வள்ளத்தில் ஏற்றுவது என்று அவர் முடிவு செய்கிற மாதம் வேறு.

பேச்சுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிந்து புஸ்தகத்து சாரிடம் போனேன். காது சமாசாரத்தை அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தேன். இவரிடமும் சொல்லவில்லை.

"சார், நாளைக்குக் கேள்வியெல்லாம் எழுதித்தான் குடுக்கணும்னு சொல்லுங்க சார்."

"ஏன்?"

"இது வாசகசாலையில்லா சார். ஆளாளுக்குக் கத்துனா நல்லாவா இருக்கும்?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்து ஒரு பிள்ளை வாயிலிருந்து வர வேண்டும் என்று அவர் ஏங்கியிருந்த வார்த்தை அதுவாகத்தான் இருக்க வேண்டும். "சபாஷ்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். காகிதப் பஞ்சத்தில் எங்கே போவது என்று யோசித்து, பழைய நாட்காட்டித் தாள்களைப் பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் நாலாகக் கிழித்து அடுக்கிவைத்தார். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டுமே என்றதும், நான்தான் என்றேன்.

மறுநாள் கிட்டங்கி நிரம்பி வழிந்தது. வாசகசாலைக்குள் காலே வைத்திராத கடற்கரை ஆட்கள் முழுக்க வந்திருந்தார்கள். உப்பளத்து ஆட்களும், காயல்பட்டணத்து வியாபாரிகள் இரண்டு மூன்று பேரும், கடைக்கார அண்ணாச்சிகளும் இருந்தார்கள். பின்பக்கம் பாய் விரித்துப் பெண்கள். அதில் அம்மா. ஊரே போகும்போது நாம் போகாவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றுதான் வந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்தில் சம்மாட்டி தலைமை வகித்துச் சொன்ன இரண்டு வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. பிறகு அப்பா எழுந்தார்.

மைக் எல்லாம் அங்கே கிடையாது. காது போனவர்களுக்குக் குரலின் அளவு தெரியாது. அப்பாவின் குரல் மழையைத் தள்ளிக்கொண்டு கடைசிப் பாய் வரை போயிற்று. எங்கள் வீட்டில் 'சரி', 'வேண்டாம்' என்பதற்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் பேசினார் பாருங்கள்!

"கால்ல கல்லக் கெட்டிக்கிட்டு எறங்குனா மொதல்ல தண்ணி வெளுப்பாத்தான் இருக்கும். அப்பறம் பச்ச. அதுக்கும் கீழ, வெடியறதுக்கு முன்னால வானம் இருக்கும்லா, அந்த நெறம். காதுக்குள்ள ரெண்டு பக்கமும் வெரல விட்டு அமுக்குத மாதிரி இருக்கும். அந்த அமுக்கலத் தாண்டிட்டா வலி கெடையாது. அங்கன காத்து இல்ல, அலை இல்ல, சண்ட இல்ல. நம்ம நெஞ்சு அடிக்கறது மட்டும் தெரியும். தரையில மணல் வரி வரியாக் கெடக்கும், பொம்பளையாளு கோலம் போடுததுக்கு முன்னால முற்றத்தப் பெருக்கி வச்ச மாதிரி. அதுல ஒரு கோடு போவும். சங்கு ஊந்து போன தடம். அதப் புடிச்சுக்கிட்டே போனா, மணலுக்குள்ள பாதி பொதைஞ்சு உக்காந்திருக்கும். கைய வைக்கதுக்கு முன்னால நான் ஒரு நிமிசம் பாப்பேன். அத்தாந்தண்டி கடல்ல அது தன்னந்தனியா ஒரு வேலையாப் போய்க்கிட்டிருக்கு. நாம யாரு அத மறிக்கன்னு தோணும். ஆனா எடுத்துருவேன். வயிறு இருக்குல்லா."

யாரும் சிரிக்கவில்லை. கரையிலேயே பிறந்து கரையிலேயே நரைத்த கிழவர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களும் அதே கடலில் இறங்கினவர்கள்தான். இருந்தும் அதை இப்படி யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. விசிறிபோல விரிந்து நிற்கும் கடற்செடிகளைச் சொன்னார். தலைக்கு மேலே வள்ளத்தின் அடிப்பாகம் மேகம்போல அசைவதைச் சொன்னார். ஒரு மீன் கூட்டம் கடந்துபோகும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்று, சங்கை மறந்துவிட்டு வெறுங்கையோடு மேலே வந்த கதையைச் சொன்னார். எனக்குப் பெருமையா பயமா என்று தெரியவில்லை. பனிமலை எல்லாம் என்ன பிரமாதம்! இந்த மனிதர் தினமும் போய்வந்த இடம் அதைவிடத் தூரத்தில் இருந்திருக்கிறது. நாங்கள் அவரிடம் சோறு ஆறுகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பேச்சு முடிந்ததும் புஸ்தகத்து சார் எழுந்து, கேள்விகளை எழுதித்தான் தர வேண்டும் என்றார். நான் தாளையும் பென்சிலையும் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனேன். அப்பா ஒவ்வொரு தாளையும் விரல் வைத்துச் சத்தமாக வாசித்துப் பதில் சொன்னார். சுறா கடிக்குமா? நாம் அதன் வழிக்குப் போகாவிட்டால் அது நம் வழிக்கு வராது. கடலுக்கு அடியில் குளிருமா? கீழே போகப் போகக் குளிரும். முத்து எப்போது வரும்? அதைச் சிப்பியிடம்தான் கேட்க வேண்டும். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தப்பித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது சம்மாட்டி விரலை மடக்கி என்னைக் கூப்பிட்டார். பெரிய உடம்பு, சின்னக் கண். அவருக்கு எழுதத் தெரியாது. குனிந்து என் காதருகில் சொன்னார்:

"எழுது ளா. ஏலே, ஒனக்கு ரெண்டாவது காது எப்பம் போச்சுன்னு எழுது."

என் கையில் பென்சில் அப்படியே நின்றது. நாற்பது வருஷம் குளியாட்களை ஏற்றி இறக்கினவர். அவரை ஊர்ப்பேச்சு எத்தனை நாளைக்கு ஏமாற்றும்? வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம். அவருக்கு வாசிக்கத் தெரியாது. 'கடலில் உப்பு ஏன்' என்று எழுதினால் போதும். ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிட, அத்தனை பெரிய கடலை ஒளிக்காமல் சொன்ன மனிதரிடம் பொய்த்தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். கொடுக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா வாசித்தார். முதலில் மனசுக்குள். அப்புறம் நிமிர்ந்து சம்மாட்டியைப் பார்த்தார். மடித்து வைத்துக்கொண்டு வேறு கேள்விக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மற்றவற்றை வாசித்ததுபோலவே இதையும் சத்தமாக வாசித்தார்.

"ரெண்டு வருசமாச்சு சம்மாட்டி. ரெண்டும் போச்சு."

மாமா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். "மச்சான்! எங்கிட்டச் சொல்லணுமா வேண்டாமா?" என்று கத்தினார். யாரிடம் கத்துகிறோம் என்று அவருக்கே உறைத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். சம்மாட்டி அவரைக் கையமர்த்திவிட்டு மறுபடி என்னைக் கூப்பிட்டார். "காது கேக்காதவன் கீழ இருக்கையில மேலருந்து எச்சரிச்சா எப்படித் தெரியும்னு எழுது."

அப்பா அதையும் வாசித்தார்.

"தண்ணிக்கடியில யாருக்குச் சம்மாட்டி காது கேக்கு? எறங்கிட்டா எல்லாவனும் செவிடந்தான். ஒரு இழுப்பு இழுத்தா மேல வா. ரெண்டு இழுத்தா ஆபத்து. எனக்கு அங்கன கயிறுதான் காது. கயிறு புடிக்கிறவன் நல்லவனா இருந்தாப் போதும்."

சம்மாட்டி மாமா பக்கம் திரும்பி, "என்னலே, நீ புடிப்பியா மாட்டியா? அதச் சொல்லு. நீ புடிச்சா நான் ஏத்துதேன்" என்றார்.

மாமா திரும்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். அவருடைய கயிறு அக்காளுக்காகப் பிடிக்கிற கயிறு. அக்காள்தான் சொல்ல வேண்டும். நானும் பார்த்தேன். இரண்டு வருஷமாகக் குசினியில் யார் யாரிடமோ பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்த அம்மா, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது, அந்த ஒரு நிமிஷத்தில் அவள் அந்த இரண்டு வருஷத்தையும் ஒவ்வொரு நாளாக எடுத்துப் பிரித்து மறுபடி அடுக்கியிருப்பாள். அப்பா எதற்குப் பதில் சொல்லவில்லை, எதற்குத் திரும்பவில்லை, எதற்குச் சிரித்துத் தலையாட்டினார் என்று. அவள் தம்பியைப் பார்த்து ஒரே ஒரு தரம் தலையசைத்தாள்.

"புடிக்கேன்" என்றார் மாமா.

கூட்டத்தில் பெருமூச்சு விட்டார்கள். காயல்பட்டணத்து வியாபாரி ஒருவர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். சத்தத்துக்கு அஞ்சுகிற புஸ்தகத்து சாரும் தட்டினார். இவ்வளவு காலம் இந்த மனிதரை என்ன என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையை இழுத்தது. அம்மா.

"ஏளா, தாள் மிச்சம் இருக்கா?"

ஒன்றே ஒன்று இருந்தது.

"எம்மேல ஒண்ணும் கோவம் இல்லியேன்னு எழுது. யாருன்னு எழுதாண்டாம்."

எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி, விரலை வைத்து ஒரு தரம் வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அந்த ஒரு தாளை மட்டும் அவர் சத்தமாக வாசிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "என்ன கேள்விவே? சபைக்கும் சொல்லுமே" என்றார் புஸ்தகத்து சார், மீசைக்குப் பின்னாலிருந்து. அப்பா அவரைப் பார்க்கவே இல்லை. அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பின்பக்கத் தூணைப் பார்த்து, அளவு தெரியாத அந்தக் குரலில் சொன்னார்:

"இல்ல. ஒரு நாளும் இல்ல."

வெளியே வரும்போது எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கடைசிக் கேள்வி என்ன, ஒங்கப்பா எதுக்கு அப்படிச் சொன்னாவ என்று. கடலுக்கு அடியில் என்றைக்காவது பயந்திருக்கிறீர்களா என்று ஒருத்தர் கேட்டிருந்தார் என்றேன். வாயில் வந்தது அது. அப்பா அந்தக் கார்த்திகைக் கடைசியில் வள்ளம் ஏறினார். பிறகும் பல வருஷம் குளித்தார், மாமா கயிறு பிடித்தார். எங்கள் கடற்கரையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே, பயம் என்றால் என்னவென்று தெரியாத ஆள், சபை நடுவில் தன் வாயாலேயே சொன்னவர் என்பார்கள். அதை யார் சொன்னாலும் அம்மா முந்தானையால் சிரிப்பைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விடுவாள்.